விளிக்காமல் வராதவள்

எங்கள் பக்கத்தில் அழைப்பதை விளிப்பது என்போம். கல்யாணத்துக்கு விளித்தால்தான் போகணும், சாவுக்கு விளிக்காமலே போகணும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விளிப்பதிலும் முறை உண்டு. போனில் சொன்னால் அது தகவல். வீட்டுப் பையன் வந்து கார்டை நீட்டிவிட்டுப் பைக்கில் ஏறிப் போனால் அது பாதி விளி. வீட்டுப் பெரியவர்கள் நேரில் வந்து, உள்ளே ஏறி உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டி, "முந்தின நாளே குடும்பத்தோட வந்துரணும், கேட்டியளா" என்று சொன்னால்தான் அது முழு விளி. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது. என்னைப்போல அதைக் கட்டிக் காத்தவர்கள் இந்த ஜில்லாவில் குறைவு.

யார் என்னைப் போனில் விளித்தார்கள், யார் வாசலில் நின்றே விளித்தார்கள், எந்த வீட்டில் பந்திக்கு எல்லோரையும் விளித்துவிட்டு என்னை மட்டும் விட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். மூன்று கல்யாணங்களில் சாப்பிடாமல் திரும்பியிருக்கிறேன். ரோஷக்காரி என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. பயந்தாங்கொள்ளி என்பதைவிட ரோஷக்காரி என்பது கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

என் தங்கை இதற்கு நேர் எதிர். யார் வீட்டுக்கும் போவாள், நேராக அடுக்களைக்குள் நுழைவாள், பானை மூடியைத் திறந்து பார்ப்பாள். "என்னக்கா இன்னிக்கு வெறும் ரசமா?" என்று கேட்டுவிட்டு அந்த ரசத்தையே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருவாள். காலையில் சண்டை போட்ட பக்கத்து வீட்டில் சாயங்காலம் போய்க் கறிவேப்பிலை கேட்பாள். வெட்கம் கெட்டவள் என்று நான் திட்டுவேன். அவள் சிரிப்பாள். அவளை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லக்கூடும் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் ஒரே வீட்டில் வளரவில்லை.

அப்பா கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஐந்து வயதாகும்போது தங்கை பிறந்தாள். பிரசவத்தோடு அம்மா படுத்துவிட்டாள். எழுந்து நடக்க ஒரு வருடம் ஆகும் என்றார்கள். குழித்துறையில் அப்பாவின் அக்கா இருந்தாள், பிள்ளை இல்லாதவள். "மூத்தவள நான் கொண்டு போறேன், அம்மைக்கு சொகமான பொறவு அனுப்புதேன்" என்றாள். அம்மாவுக்குச் சுகமாகியும் யாரும் கூப்பிட வரவில்லை. அங்கே பள்ளிக்கூடம் பக்கம், அத்தைக்கும் ஒரு துணை என்று ஆறு வருடம் ஓடிவிட்டது.

அத்தை கெட்டவள் அல்ல. ஒரு அடி அடித்ததில்லை. வேளாவேளைக்கு "மக்கா, சோறு தின்ன வா" என்று விளிப்பாள். நான் போவேன். விளிக்காமல் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அந்த வீட்டுப் பானையை நானாகத் தொடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஏழு வயதில் ஒருநாள். அத்தை வீட்டுக்கு ஏதோ விசேஷத்துக்கு ஒரு வண்டி சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். வீடு முழுக்கச் சத்தம். பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். நான் பின்பக்கம் அம்மிக்கல்லின் பக்கத்தில் விளிக்காகக் காத்திருந்தேன். மீன் குழம்பு மணம் வந்துகொண்டே இருந்தது. பிறகு பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை என்னைப் பார்த்து, "நீ தின்னாச்சாட்டி?" என்று கேட்டாள்.

"தின்னாச்சு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். ஏன் பொய் சொன்னேன் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும். இல்லை என்று சொன்னால் அவளுக்குச் சங்கடமாகும், சங்கடமானால் என்னைப் பிடிக்காமல் போகும், பிடிக்காமல் போனால் அனுப்பிவிடுவாள், அனுப்பினால் அங்கேயும் என்னை யாரும் கேட்கவில்லை. ஏழு வயதில் இவ்வளவு தூரம் யோசிக்க முடியுமா என்று கேட்பவர்கள் விளிக்காமலே சோறு கிடைத்து வளர்ந்தவர்கள்.

பதினோரு வயதில் அம்மா வீட்டுக்குத் திரும்பினேன். அங்கே ஆறு வயதில் ஒரு பிசாசு இருந்தது. அதுதான் தங்கை. பானையைத் திறந்து கையை விட்டு மரச்சீனிக் கிழங்கை எடுத்து நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள். நான் வாசல் ஓரம் உட்கார்ந்தேன். "எடுத்துத் தின்னுட்டி, ஒன் வீடுதானே" என்றாள் அம்மா. நான் எழவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அம்மாவுக்கும் அலுத்தது. "ஒன்ன வெத்தல பாக்கு வச்சு விளிக்கணுமோ?" என்று சலித்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் மீன் குழம்பு. நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா கேட்டபோது, "தின்னாச்சு" என்றேன்.

தங்கை ஓடி வந்தாள். என் வலது கையைப் பிடித்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். "அம்மை, இவ பொய் சொல்லுதா! கையில மீன் மணமே இல்ல!" என்று கத்தினாள். என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் பானைமுன் உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு அவள் இருக்கும் வீட்டில் நான் பட்டினி கிடந்ததில்லை. தின்னாச்சு என்றால் கையை நீட்டச் சொல்வாள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, முடி நரைத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆட்கள் முன்னால் செய்வாள். எனக்கு மானம் போகும்.

எனக்குக் கல்யாணமாகி வாய்த்ததும் குழித்துறைதான். ஆற்றுக்குப் போகும் சரிவில் வீடு. ரோட்டிலிருந்து பதினொரு படி ஏறவேண்டும். ஜன்னல் ஓரத்தில் மெஷின் போட்டு முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். டேப்பை எடுத்ததும் ஆட்களைத் தெரிந்துவிடும். சிலர் சொல்லாமலே கையைத் தூக்கி நிற்பார்கள். சிலர் வயிற்றை எக்கிக்கொண்டு, "எப்படித் தைச்சாலும் செரி அக்கா" என்பார்கள். அப்படிச் சொல்கிறவள்தான் தைத்த பிறகு வீட்டில் போய் அழுவாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அந்த ஜாதிதான். நான் அழுவதற்குப் பதிலாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

தங்கை வீடு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. அவள் புருஷன் மஸ்கட்டில். ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு முதல் பாவாடையிலிருந்து எல்லாம் நான் தைத்ததுதான். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த சமயம் தங்கை ஒரு ஜாக்கெட் துணியோடு வந்தாள். அளவெடுத்தேன். மார்பில் இரண்டு இஞ்சு குறைந்திருந்தது, கையில் ஒன்று.

"என்னட்டி, டயட்டா?" என்றேன்.

"மாப்பிள்ள வீட்டு ஆளுவ பாக்கும்போ கல்யாணப் பொண்ணு யாருன்னு தெரியாம முழிக்கணும்லாக்கா" என்றாள்.

சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. முப்பது வருடம் உடம்பை அளந்த கைக்கு அந்த இரண்டு இஞ்சு எதைச் சொல்கிறது என்று புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தாள். தேதி சொன்னாள், மண்டபம் சொன்னாள். "நீ முந்தின வாரமே வந்துரு அக்கா, எனக்கு ஒண்ணுக்கும் வய்யா, முடியல்ல" என்றாள்.

"விளி போன்லதானா?" என்றேன்.

"நீ என்ன அந்நியமா? வீட்டு ஆள யாராவது விளிப்பாவளா?"

வேறொருத்தி என்றால் இந்த வார்த்தைக்கு உருகியிருப்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொண்ணுக்குப் பெரியம்மை நான். ஊருக்கெல்லாம் தட்டத்தத் தூக்கிட்டுப் போவே. எனக்கு மட்டும் போனு. அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தியா நான்?" என்றேன்.

"செரிக்கா. வாறேன்" என்றாள்.

மூன்று வாரம் வரவில்லை. தைக்க வந்தவர்களிடம் கேட்டால் அவர்களுக்கெல்லாம் கார்டு வந்துவிட்டது. யாரோ சொந்தக்காரப் பையன் பைக்கில் கொண்டு கொடுத்தானாம். எல்லோருக்கும் பாதி விளிதான் என்பதில் எனக்கு ஆறுதல் வரவில்லை. "அவளும் சங்கடத்துல இருப்பா, நீ போயிட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். "வரட்டும்" என்றேன்.

வந்தாள். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். கீழே ரோட்டில் ஒரு ஆட்டோ நின்றது. அவள் தெருக்காரன் ஓட்டும் ஆட்டோ. மழை இல்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி விட்டிருந்தது. படுதாவின் ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு கை தெரிந்தது. தங்கையின் கை எனக்குத் தெரியாதா? ஜன்னல் துணியை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வரட்டும், ஏறி வரட்டும். காப்பிக்குப் பால் இருக்கிறதா என்றுகூட யோசித்தேன்.

ஹாரன் அடித்தது.

எனக்கு வந்ததே கோபம். கேஸ் சிலிண்டர்காரன்தான் அப்படிக் கீழே நின்று ஹாரன் அடிப்பான். மறுபடியும் அடித்தது. மெஷின்மேல் போன் அதிர்ந்தது. அவள்தான். வாசல்வரைக்கும் வந்தவளுக்குப் போன் எதற்கு? பதினொரு படி ஏறி வந்து அக்காவை விளிக்க வலிக்கிறதா? எடுக்கவில்லை. மூன்று தடவை அதிர்ந்து நின்றது. நான் மெஷினை மிதித்தேன். யாரோ ஒருத்தியின் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்தேன். ஆட்டோ போகவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு டிரைவர் இறங்கி, கேட்டில் ஒரு கவரைத் தொங்கவிட்டான். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் அந்தக் கவரை எடுத்து வந்தார். கார்டு, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு மட்டிப்பழம். பழத்தில் எறும்பு ஏறியிருந்தது. "கேட்டுல கெட்டித் தொங்கவிட்டுட்டுப் போறா பாத்தியளா, நாய்க்குப் போடுத மாதிரி" என்றேன். அவர் பழத்தை உதறிப் பைப்படியில் கழுவினார். நான் ஒன்றும் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் மட்டும் போனார். மகள்மாதிரி வளர்ந்த பிள்ளையின் கல்யாண ஜாக்கெட்டை வேறு யாரோ தைத்திருந்தார்கள். திரும்பி வந்து அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவ ஒன்னத்தான் தேடினா. நாற்காலியில இருந்தவ எழும்பவே இல்ல. முகமே செத்துப்போயிருக்கு" என்றார்.

"மகாராணி எழும்ப மாட்டா" என்றேன். நான் சொன்னதுதான். மாற்றி எழுத மனமில்லை.

இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் ஒருத்தி கேட்டாள், "தங்கச்சிக்கு ரொம்ப சொகமில்லைன்னு கேட்டேன், பாத்தியளா?" வீட்டுக்கு வந்து சொன்னேன். "எறங்கு, இப்பவே போவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல. சொல்லட்டும்."

"சீக்குக்கு யாராவது விளிப்பாவளா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

அவர் என்னிடம் குரல் உயர்த்துகிற மனுஷர் இல்லை. அன்றைக்கு உயர்த்தினார். அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது. தெரிந்தும் கால் எழவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. பயம்தான் இருந்தது. போய் நிற்பேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அப்போது நான் எங்கே போவேன்? அறுபதை நெருங்குகிறவள், பேரன் எடுத்தவள், உள்ளே இன்னும் அம்மிக்கல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் வந்துவிட்டால் போதும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நானாக அடிக்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. ஆட்டத்தை உள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

போன் ஒரு விடியற்காலையில் வந்தது. தங்கை மகள். "பெரியம்மை, அம்மை போயிட்டா" என்றாள்.

சாவுக்கு விளி வேண்டாம். அந்த ஒரு தடவைதான் நான் அவள் வீட்டுக்கு விளிக்காமல் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். அழுகை வரும் முன்னே என் பாழாய்ப்போன கண் அளவெடுத்தது. ஒரு சின்னப் பெண்ணின் அளவுகூட இல்லை. போட்டிருந்த ஜாக்கெட் நான் தைத்ததுதான், அந்த இரண்டு இஞ்சு குறைத்துத் தைத்தது. அதுவும் பெரிதாகி, தோளில் மடித்து ஊக்குக் குத்தியிருந்தார்கள். ஊக்கின் முனை துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் குத்துமே என்று நினைத்தேன். அப்போதுதான் சத்தம் போட்டு அழுதேன். பெட்டிக்குள் கையை விட முடியவில்லை.

எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பிய பிறகு, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன். தங்கை மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணம் ஆகி நாலு மாதம். கழுத்தில் தாலிச்சரடு இன்னும் மஞ்சளாக இருந்தது.

"இந்தச் சீக்கு எப்பத்தான் தெரியும்?" என்று கேட்டேன்.

"சம்பந்தம் பேசி முடிச்ச மறுவாரமே தெரியும். திருவனந்தபுரத்துல பாத்துச் சொல்லிட்டாவ. ஒடனே ஆஸ்பத்திரியில கெடக்கணும்னாவ. அம்மைதான் சம்மதிக்கல்ல. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, அம்மைக்கு வந்தது மகளுக்கும் வரும்னு வேண்டாம்னுருவாவன்னு பயந்தா. கல்யாணம் கழியட்டும்னா. எனக்கும் அம்மைக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கே லீவுல வந்த பொறவுதான் சொன்னோம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மக்கா."

"சொல்லத்தான் வந்தோம்" என்றாள். "அந்த ஆட்டோவுல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நானும் உள்ள இருந்தேன் பெரியம்மை. கல்யாணப் பொண்ணு விளிக்க வரப்பிடாதுல்லா, யாரும் பாத்துரப்பிடாதுன்னு படுதாவ எறக்கி விட்டோம். அம்மைக்குத் தனியா இருக்க முடியல்ல, நான்தான் பிடிச்சிருந்தேன். மடியில தட்டம். ஒங்க படியப் பாத்தா. ஒரு காலக் கீழ வச்சுப் பாத்தா. முடியல்ல. நான் ஏறிப்போய் பெரியம்மையக் கூட்டிட்டு வாறேன்னேன். விடல்ல. 'நீ விளிச்சா அவளுக்கு அது விளி இல்ல, நான்தான் விளிக்கணும். ஹாரன் அடி, எறங்கி வருவா, இங்கன வச்சுத் தட்டத்தக் குடுக்கேன்'னா."

"நான் உள்ள... தச்சுட்டு இருந்தேன். கேக்கல்ல" என்றேன்.

"இல்ல பெரியம்மை. அம்மை பாத்தா. ஜன்னல் துணி ஆடிச்சு. 'உள்ளதான் இருக்கா, பாத்துட்டா, இன்னும் கொஞ்சம் நில்லு, வருவா'ன்னு சொல்லிட்டே இருந்தா. டிரைவர் அண்ணன் ரெண்டு தடவ போலாமான்னு கேட்டாரு. வருவா வருவான்னா."

உள்ளே யாரோ பாத்திரங்களை இறக்கும் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சியும் பயறும் கொண்டுவந்திருந்தார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். உள்ளே ஒவ்வொருவரையாக விளிக்கிறது காதில் விழுந்தது. மாமா வாருங்க, சித்தி வாருங்க, அண்ணன் வாருங்க. நான் கல்லைவிட்டு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ. பிறகு அவள் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது. கண் இரண்டும் வீங்கி, நிற்கவே முடியாமல் நின்றாள்.

"பெரியம்மை, கஞ்சி குடிக்க வாருங்க. ஒங்கள விளிக்காம விட்டுரப்பிடாதுன்னு அம்மை சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

"குடிச்சாச்சு மக்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா என்றால் என் கையைப் பிடித்து மோந்து பார்த்திருப்பாள்.